மன்னார்குடி வீட்டில் ஒரு கடல்: உப்புநீர்த் தொட்டிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

அக்கா மகன் சீர்காழியில் இருக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன் என் கடல்மீன் தொட்டி முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது கேட்டான்: "மாமா, நமக்குத்தான் கடல் பக்கத்துலயே இருக்கே. பூம்புகார் போய் நாலு கேன் தண்ணி அள்ளிட்டு வந்தா ஆச்சு. நானும் ஒண்ணு வைக்கட்டுமா?"

தாராளமாக வைக்கலாம். ஆனால் அவன் கேட்ட அந்த ஒரு கேள்விக்குள் எந்தத் தண்ணீர், எவ்வளவு பெரிய தொட்டி, மீன் மட்டுமா பவளமுமா என்று பல முடிவுகள் அடங்கியிருக்கின்றன. குளிரூட்டிய அறையில் தொட்டி வைத்திருப்பவர்கள் சொல்லும் பதில் நமக்கு அப்படியே பொருந்தாது. டெல்டாவில் உப்புநீர்த் தொட்டியை அழிப்பவை கத்திரி வெயிலும், ஐப்பசி கார்த்திகையில் போகிற கரண்டும்தான். கீழே நான் ஒப்பிட்டிருப்பதெல்லாம் இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான்.

தண்ணீர்: கடலிலிருந்தா, மூட்டையிலிருந்தா?

கடல்நீருக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. காசு கிடையாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் இயற்கை வைத்த அளவிலேயே இருக்கும். பவளத்துக்கு வேண்டியது லிட்டருக்கு 35 கிராம் உப்பு. இறால் பண்ணைக்காரர்கள் பேச்சில் 35 பிபிடி. திறந்த கடலில் இந்த அளவு பெரிதாக மாறாது.

நம் கரை அப்படிப்பட்ட கடல் இல்லை. பூம்புகார் காவிரி கடலில் கலக்கும் இடம். பழையாறு பக்கம் கொள்ளிடம் கலக்கிறது. இடையில் எத்தனை வாய்க்கால், எத்தனை வடிகால்! மேட்டூர் நிரம்பி உபரிநீர் கொள்ளிடத்தில் திரும்பும்போதும், வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதும், கரையோரக் கடல் பாதி ஆறாகிவிடும். தரங்கம்பாடியில் பங்குனி மாதம் நான் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தபோது 34 இருந்தது. அதே இடத்தில் கார்த்திகையில், ஒரு வாரம் மழை பெய்து ஓய்ந்த பிறகு பார்த்தால் 26. உப்பையாவது சேர்த்துச் சரிசெய்யலாம். வயலிலிருந்து வடிந்து வரும் உரத்தையும், மீன்பிடித் துறைமுகம் பக்கம் மிதக்கும் டீசலையும் என்ன செய்வது? கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணைப் பக்கம் போனால் ஆழம் குறைவு. காற்றடித்தால் சேறு கலங்கிவிடும். போதாக்குறைக்கு, 200 லிட்டர் என்பது இருபது லிட்டர் கேனில் பத்து கேன், 200 கிலோவுக்கு மேல். தண்ணீர் மாற்ற வாரம் ஒரு கேன் வேண்டும். இரண்டு மாதம் ஆசையாகப் போவோம், மூன்றாம் மாதம் தள்ளிப்போடுவோம்.

"அப்போ வேதாரண்யம் உப்பு?" என்று அடுத்த கேள்வி வந்தது. என்னிடம் தொட்டி பற்றிக் கேட்கும் எல்லோரும் இதைக் கேட்பார்கள். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து அள்ளிய உப்பு, நம் ஊர் உப்பு, அதைக் கரைத்தால் கடல் ஆகாதா என்று. ஆகாது. காரணம் உப்பளத்திலேயே இருக்கிறது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் படிகின்றன. அதாவது கால்சியத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. அடுத்த பாத்தியில் சோடியம் குளோரைடு படிகமாகிறது. நாம் வாரி எடுப்பது இதைத்தான். மெக்னீசியமும் பொட்டாசியமும் மிச்சமாக நிற்கும் கசப்பு நீரோடு வெளியே போகின்றன. நல்ல உப்பளத்துக்காரர் கவனமாக நீக்குவது எதையோ, அதைத்தான் பவளம் கேட்கிறது. சமையல் உப்பைக் கரைத்த தண்ணீரில் மீன் சில நாள் உயிரோடு இருக்கலாம். பவளம் இருக்காது.

அதனால் என் தேர்வு, தொட்டிக்கென்றே தயாரித்து விற்கும் கடல் உப்புக் கலவை. 200 லிட்டருக்கு முதல் தடவை ஏழிலிருந்து ஏழரைக் கிலோ பிடிக்கும். அப்புறம் வாரம் பத்து சதவீதம், அதாவது இருபது லிட்டர் மாற்றினால், முக்கால் கிலோ. மாதம் மூன்று கிலோ என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தச் செலவு தொட்டி இருக்கும்வரை நிற்காது, முதல் நாளே ஒத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

கலக்குகிற தண்ணீர் போர் தண்ணீராக இருக்கக் கூடாது. நம் பக்கம் போரில் இரும்பு வரும், கடலோரத்தில் உவர்ப்பு வரும், வயல் நடுவில் இருந்தால் நைட்ரேட்டும் வரும். வீட்டு ஆர்ஓ நீரும் பல வீடுகளில் போதாது. குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகள், கொஞ்சம் மிச்சம் விட்டிருப்பார்கள். அதன் பின்னால், அந்த மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குப்பி ஒன்றை இணைத்து, டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டினால் சரி.

அளவு

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 57 லிட்டர். மூன்றடி, ஒன்றரை, ஒன்றரை என்றால் 191. நான்கடி, இரண்டு, இரண்டு என்றால் 453. முதல் தொட்டி சிறியதாக இருக்கட்டும், பழகிக்கொண்டு பெரிதுக்குப் போகலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உப்புநீரில் இது தலைகீழ்.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வெயில் காலத்தில் இரண்டடித் தொட்டி ஒரு நாளில் இரண்டு லிட்டர் இழந்தால் 35 இருந்த உப்பு 36.3 ஆகிறது. மூன்றடித் தொட்டியின் மேற்பரப்பு பெரிது, அதனால் நாலரை லிட்டர் போகும். ஆனாலும் உப்பு 35.8தான். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று நாள் போய் வந்தால் சிறியது 39ஐத் தாண்டிவிடும், மற்றது 37.7இல் நிற்கும். சூடும் அப்படித்தான். சின்னத் தொட்டி மதியம் மூன்று மணிக்குள் அறையின் சூட்டுக்கு வந்துவிடும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உப்புநீரையே ஊற்றித் தொட்டியைக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

நான்கடித் தொட்டி இன்னும் நிலையானது. ஆனால் கண்ணாடி, பாறை, தாங்கி எல்லாம் சேர்ந்து அரை டன்னைத் தாண்டும். பழைய வீட்டு மாடியில் வைக்கவே கூடாது. முதல் உப்பே பதினாறு, பதினேழு கிலோ. தப்பு செய்தால் பெரிய தப்பாகிவிடும். மூன்றடியைக் கீழ்த்தளத்தில், வெயில் படாத சுவரோரமாக வையுங்கள்.

வெயில்

பவளத்துக்குப் பிடித்த சூடு 24 முதல் 27 டிகிரி. மே மாதம் மன்னார்குடியில் மதியம் அறைக்குள் 35 இருக்கும். பவளத்தின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. ஒளியிலிருந்து உணவு செய்து பவளத்துக்குக் கொடுப்பது அந்தப் பாசிதான், நிறம் கொடுப்பதும் பெரும்பாலும் அதுதான். சூடு கூடி நின்றால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 ஆண்டுகளில் இப்படி வெளுத்தது. கடலுக்கே அந்த நிலை என்றால் 191 லிட்டரைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வழிகள் உண்டு. தண்ணீரின் மேல் சின்ன மின்விசிறி ஓட்டலாம். மலிவு. காற்று வறண்டிருக்கும் ஊரில் இரண்டு மூன்று டிகிரி இறக்கும். நமக்குக் கடற்காற்று, ஈரம் அதிகம். ஆவியாவது குறைந்தால் குளிர்வதும் குறையும். அது மட்டும் போதாது. ஏசி அறையில் வைக்கலாம், ஆனால் பகலிலும் இரவிலும் ஓட்ட வேண்டும். ராத்திரி மட்டும் ஓட்டினால் சூடு ஏறி ஏறி இறங்கும், அது இன்னும் கெடுதல். மூன்றாவது சில்லர், தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி. மூன்றடித் தொட்டிக்குப் பத்தில் ஒரு பங்கு எச்பி சில்லர் ஒன்று வேண்டும். 250 வாட் எடுக்கும் கருவி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 3 யூனிட். நம் இரண்டு மாத பில் கணக்கில் 180 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டை வீடே சாப்பிட்டுவிடும் என்பதால், இது முழுக்கக் காசு கொடுக்கும் யூனிட், அதுவும் மேல் படியில்.

சில்லர் வாங்க முடியவில்லை என்றால் பவளத் தொட்டி வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அந்த நிலையில் இருப்பவர்களுக்கு வேறொரு நல்ல வழி இருக்கிறது: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு உப்பங்கழி போல, பாதி ஆறு பாதி கடலான தொட்டி. உப்பு 10 பிபிடி போதும், கலவை மூன்றில் ஒரு பங்குதான் செலவாகும். 28, 30 டிகிரி வரை அங்கே பெரிய தொந்தரவு இல்லை. ஆரஞ்சு குரோமைடு என்ற மீன் இந்தியா, இலங்கைக் கழிமுகங்களுக்கே உரியது. எட்டு சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும். அந்தக் காட்சிக்காகவே ஒரு தொட்டி வைக்கலாம்.

கரண்ட்

இதை நான் அனுபவித்துக் கற்றுக்கொண்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தது. கம்பங்கள் வரிசையாக ஒடிந்திருந்தன. என்னிடம் அப்போது இருந்தது இரண்டடித் தொட்டி, அதில் ஒரு ஜோடி கோமாளி மீனும், டாம்சல் என்ற சின்ன மீன் நாலைந்தும். இன்வெர்ட்டர் மதியத்தோடு தீர்ந்தது. அன்று சாயங்காலமே டாம்சல்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கின.

தண்ணீர் அசையாவிட்டால் காற்று கரையாது. உப்புநீரில் நல்ல தண்ணீரைவிட ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், சூடானால் அதிலும் குறைவு. கோமாளி மீன் இரண்டையும் பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றி, செம்பில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். நானும் மனைவியும் மகளும் முறை வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் நண்பர் ஒருவர் டார்ச் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கோமாளி மீன்கள் பிழைத்தன. தொட்டியில் விட்டவை எதுவும் மிஞ்சவில்லை. ஊரே கூரை இழந்து நின்றபோது மீனைப் பற்றி யாரிடமும் பேசத் தோன்றவில்லை. ஆனால் அந்த உயிர்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். அவற்றுக்கு வழி செய்து வைக்காததும் நான்தான்.

அதனால் தண்ணீரை ஓடவைக்கும் மோட்டார்களை ஒப்பிடும்போது விலையைவிட வாட்டைப் பாருங்கள். வீட்டுக் கரண்டில் ஓடும் சாதாரண மோட்டார் மலிவு, கரண்டோடு நின்றுவிடும். 12 வோல்ட் டிசி அலை மோட்டார் விலை கூட, ஆனால் பேட்டரியில் நேராக ஓடும். 15 வாட் அலை மோட்டாரும் 5 வாட் காற்று மோட்டாரும் மட்டும் என்றால் 150 ஏஎச் பேட்டரி கணக்குப்படி இரண்டு நாள் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டரோடு சேர்க்காமல் இதற்கென்று தனி பேட்டரி வையுங்கள்; சேர்த்தால் ஃபேனும் டிவியும் பங்குக்கு வந்துவிடும். விளக்கு அணைந்தால் பவளம் இரண்டு மூன்று நாள் பொறுக்கும். ஓட்டம் நின்றால் மீன் சில மணி நேரத்துக்கு மேல் பொறுக்காது. மூடிய கேனிஸ்டர் ஃபில்டரும் இங்கே ஆபத்துதான். உள்ளே கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா ஓட்டமில்லாமல் செத்து, கரண்ட் வந்ததும் அந்த நஞ்சு தொட்டிக்குள் வரும். தொட்டிக்குக் கீழே வைக்கும் திறந்த வடிகட்டித் தொட்டியான சம்ப்பும், கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரும் நமக்கு நல்லது.

மீன் மட்டுமா, பவளமுமா, எந்தப் பவளம்?

அக்கா மகன் போனில் காட்டிய படங்களெல்லாம் கிளை கிளையாக, ஊதாவும் பச்சையுமாக நிற்கும் கல் பவளங்கள். அவற்றை இங்கே ஒப்பீட்டுக்கே எடுக்க முடியாது. கல் பவளம், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல்குதிரைக்கும் கடல் அட்டைக்கும் அதே சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ராமேஸ்வரம் பக்கம் யாராவது செத்த பவளக் கல்லை அலங்காரத்துக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஜீவப்பாறை என்று சொல்லி விற்பதும் பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகச் சுற்றியிருந்த பவளத்தை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க அரண் இல்லாமல் போனது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குக் கல் பவளத்தின் மேல் இருந்த ஆசை போய்விட்டது. பாறைக்குத் துளைகள் நிறைந்த செராமிக் பாறை போதும். பாக்டீரியா குடியேற அதுவே இடம். காவிரி மணலைப் போடாதீர்கள், அது சிலிக்கா, காரத்தன்மையைத் தாங்க உதவாது. நான் மணலே போடுவதில்லை. வெறும் கண்ணாடித் தரை கழுவச் சுலபம்.

மிஞ்சுவது மீன் மட்டும் உள்ள தொட்டியும், மீனோடு, கல் எலும்புக்கூடு இல்லாத மென்பவளம் வைத்த தொட்டியும். முதலாவதுதான் சுலபம் என்பார்கள். பாதி உண்மை. விளக்குச் செலவு குறைவு, 28 டிகிரி வரை தாங்கும். முக்கியமாக, வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்து போடலாம். பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் தாமிரம் விட்டால் அவை அத்தனையும் சாகும். ஆனால் மீன் மட்டும் என்று முடிவு செய்தவர்கள் நிறுத்துவதில்லை. தொட்டி காலியாகத் தெரியும், இன்னொரு மீன் வாங்குவார்கள். நீல டாங் வாங்குவார்கள், அது முப்பது சென்டிமீட்டர் வளரும் மீன். வண்ணத்துப்பூச்சி மீன் வாங்குவார்கள், அதில் பல வகை பவளத்தைத் தவிர எதையும் சரியாகத் தின்னாது. ஆறு மாதத்தில் மீன் கழிவால் ஏறும் நைட்ரேட் எங்கோ நிற்கும்.

காளான் பவளம், லெதர் பவளம் என்ற மென்பவளங்கள் உள்ள தொட்டி வேறு விதம். காளான் பவளத்துக்கு நடுத்தர எல்இடி வெளிச்சம், எட்டு மணி நேரம் போதும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் அதற்குப் பிடிக்கும். தண்ணீரில் ஏதாவது சரியில்லை என்றால் முதல் நாளே சுருங்கிச் சொல்லிவிடும். மீன் அப்படிச் சொல்லாது, சொல்லும்போது நேரம் கடந்திருக்கும். நாலு உயிர்தான் இருந்தாலும் தொட்டி நிறைந்து தெரிவதால் மேலும் மீன் வாங்கத் தோன்றாது. அதனால் டெல்டா வீட்டுக்கு என் வாக்கு இதற்குத்தான். ஜோயாந்திட் வகையும் அழகு. ஆனால் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது, வெந்நீர் ஊற்றக் கூடாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம். எந்தப் பவளமானாலும் இன்னொருவர் தொட்டியில் வளர்ந்து வெட்டிய துண்டாக, பில்லோடு வாங்குங்கள். கடலிலிருந்து எடுத்தது வேண்டாம்.

மீனிலும் அதே தேர்வுதான்: கடலில் பிடித்ததா, குஞ்சு பொரித்து வளர்த்ததா? விலையில் பிடித்தது குறையலாம். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பகுதிகளில் சயனைடு தெளித்து மீன் பிடிக்கும் வழக்கம் உண்டு. அப்படி வந்த மீன் நன்றாக நீந்திக்கொண்டே இருந்து சில வாரத்தில் செத்துப்போகும். வளர்த்த மீன் குருணைத் தீனியைத் தின்று பழகியிருக்கும், கண்ணாடிக்குப் பயப்படாது. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் வேலை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், நம் வடக்கு ஓரத்துப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் நடந்திருக்கிறது. சென்னை கொளத்தூர்க் கடைகளில் கேட்கும்போது "வளர்ப்பு மீனா?" என்று கேட்டு வாங்குங்கள். ஒரே அளவில் இரண்டு வேண்டாம், ஒன்று பெரிது, ஒன்று சிறிது எடுங்கள். எல்லாம் ஆணாகத்தான் வளர்கின்றன; பெரியது பெண்ணாக மாறும், சண்டை குறையும். கடலில் அவை ஒளிந்து வாழும் கடல் தாமரை இல்லாமலும் நன்றாக வாழும். மூன்றடித் தொட்டிக்கு அந்த ஜோடி, ஒரு சின்ன கோபி மீன், ஒரு சுத்தம் செய்யும் இறால், நாலைந்து நத்தை. அவ்வளவுதான்.

அக்கா மகனுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். புயல் காலம் முடிந்து மார்கழியில் தண்ணீரை நிரப்பி, ஒரு இறால் துண்டை உள்ளே போட்டு, அது அழுகி அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, அவற்றைத் தின்னும் பாக்டீரியா பெருகி 0க்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதுவரை மீன் கிடையாது. மாசியில் கோமாளி மீன் ஜோடி. பவளம் அப்போதும் இல்லை. சித்திரையையும் வைகாசியையும் தெர்மாமீட்டர் 27ஐத் தாண்டாமல் கடந்துவிட்டான் என்றால், ஆனியில் என் தொட்டியிலிருந்து பச்சைக் காளான் பவளம் ஒன்றை வெட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முந்தாநாள் போன் செய்தான், டிஐ குப்பி வந்துவிட்டதாம், மீட்டர் 0 காட்டுகிறதாம்.